கடைசி ஒரு மில்லி உன் கையில்!

வட்டமாக ஓட்டை போட ஒரு ட்ரில் மிஷின் போதும். சதுரமாகப் போட ஆள் வேண்டும்!

தம்பி, தங்கை, இதை முதலில் மனத்தில் நன்றாகப் பதித்துக்கொள். சுழல்கிற பிட் வட்டத்தைத்தான் தரும். மின்சாரப் பேனல் கதவில் ஒரு மீட்டர் உட்கார வேண்டும், ஒரு ராக்கர் சுவிட்ச் உட்கார வேண்டும், நான்கு பக்கமும் நேராக, நான்கு மூலையும் செங்கோணமாக வேண்டும் என்றால், அங்கே அளக்கத் தெரிந்த கண்ணும் நிறுத்தத் தெரிந்த கையும் வந்து நிற்க வேண்டும். அந்தக் கண் உன்னுடையது. அந்தக் கை உன்னுடையது.

நீ அம்பத்தூரில் வேலை பார்க்கிறாயோ, ஓசூரில் பார்க்கிறாயோ, கோவையில் ஒரு சின்னப் பட்டறையில் நிற்கிறாயோ, எனக்குத் தெரியாது. ஐடிஐயில் ஃபிட்டர் படித்தாயோ, எலக்ட்ரீஷியன் படித்தாயோ, அண்ணன்மாரோடு கூட நின்றே தொழில் பழகினாயோ, அதுவும் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். பவுடர் கோட்டிங் முடிந்து பளிச்சென்று வந்திருக்கும் கதவைக் காட்டி, "இதுல இன்னொரு மீட்டர் வரணும், கட்அவுட் போடுப்பா" என்று சூப்பர்வைசர் சொல்லும்போது உன் வயிற்றில் புளி கரைகிறது. கோணிவிட்டால் என்ன செய்வது, கதவே பாழாகிவிட்டால் என்ன ஆவது, நாலு பேர் முன்னால் திட்டு விழுமே என்று மனம் அடித்துக்கொள்கிறது. "சார், அந்த அண்ணனைப் போடச் சொல்லுங்க, நான் ஒயரிங் பார்க்கிறேன்" என்று நழுவப் பார்க்கிறாய்.

நழுவாதே! இன்று நழுவினால் நாளையும் நழுவுவாய். பல வருஷம் கழித்தும் இன்னொருவருக்கு பிட் எடுத்துக் கொடுத்துக்கொண்டே நிற்பாய். அந்த நிலை திறமை இல்லாதவனுக்கு வருவதைவிட, தன் திறமையைச் சோதித்துப் பார்க்க மறுத்தவனுக்குத்தான் அதிகம் வருகிறது.

பயம் மொத்தமாக வரும், வேலை துண்டு துண்டாக வரும்

உன்னை மிரட்டுவது எது? 92க்கு 92 மில்லிமீட்டர் சதுர ஓட்டை என்கிற முழு வேலை. அதைப் பிரித்துப் பார். முதலில் கோடு. அடுத்து நான்கு மூலைக்கு நான்கு துளை. பிறகு நான்கு பக்கமும் நான்கு அறுப்பு. பிறகு நான்கு விளிம்புக்கும் அரம். கடைசியில் நான்கு மூலை. இவ்வளவுதான்!

இதில் எது உன்னால் முடியாதது? கோடு இழுக்க முடியாதா? சென்டர் பஞ்ச்சை நிறுத்தி ஒரு தட்டுத் தட்ட முடியாதா? 4 மில்லி பிட்டில் ஒரு துளை போட முடியாதா? வைஸில் இரும்புத் துண்டைக் கட்டி, அரம் போட்டு, மூலைமட்டத்தை வைத்து, இடையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்த்துப் பார்த்து மறுபடி அரம் போட்டுப் பழகிய கைதானே இது? அந்தப் பழக்கம் உன் தோளிலும் மணிக்கட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எழுப்பு!

பயத்துக்கு முழு உருவத்தைக் காட்டாதே. அடுத்த ஒரு செயலை மட்டும் காட்டு. "இப்போது என்ன செய்யவேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தவன் நடுங்க மாட்டான். தன்னம்பிக்கை என்று மேடைகளில் முழங்குகிறார்களே, பட்டறையில் அதன் பெயர் இதுதான்: அடுத்த செயல் என்ன என்ற தெளிவு.

கணிதம் விட்டுவைத்த மூலை

சதுர ஓட்டைதானே, இதில் என்ன பெருமை என்று யாராவது சொன்னால் நம்பாதே. இது பெரிய மூளைகள் மோதிப் பார்த்த சிக்கல்.

ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரான்ஸ் ரூலோவின் (1829–1905) பெயரால் ஒரு முக்கோணம் இருக்கிறது. அதன் பக்கங்கள் நேராக இருக்காது, வில்லாக வெளியே வளைந்திருக்கும். எந்தத் திசையில் வைத்து அளந்தாலும் அகலம் ஒன்றுதான். அதை ஒரு சதுரச் சட்டத்துக்குள் வைத்துச் சுழற்றினால் நான்கு பக்கத்தையும் தொட்டபடியே சுற்றிவரும். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் வில்மர்டிங்கில் இருந்த ஹாரி வாட்ஸ் என்பவர் இந்த வழியில் போனார். சதுரமாகத் துளைக்கும் பிட் ஒன்றையும், மையம் ஓரிடத்தில் நிற்காமல் அலைவதற்கு இடம் கொடுக்கும் தனிச் சக் ஒன்றையும் உருவாக்கி 1917இல் காப்புரிமை வாங்கினார்.

சுழல்கிற அந்த முக்கோணம் சதுரத்தின் பரப்பில் எவ்வளவைத் தொடுகிறது தெரியுமா? ஏறத்தாழ 98.77 சதவீதம். மீதி 1.23 சதவீதம் எங்கே நிற்கிறது? நான்கு மூலைகளில்! மூலை மட்டும் கூர்மையாகாமல் லேசாக உருண்டு நின்றுவிடுகிறது.

கணிதமே விட்டுவைத்த அந்த மூலைக்குள் உன் சதுர அரம் போகிறது, தம்பி! சுழற்சியால் எட்ட முடியாத இடத்தை உன் மணிக்கட்டு எட்டுகிறது. நூற்றில் 98 பங்கு எந்த மிஷினும் செய்யும். முடிக்கிற பங்குதான் முடித்தவனின் பெயரைச் சொல்லும். உன் மதிப்பு அந்தக் கடைசிப் பங்கில் இருக்கிறது.

உன்னிடம் கேட்பது 0.8க்குள் நிற்பதை மட்டுமே

பயப்படுகிறவன் மனத்தில் ஒரு தப்புக் கணக்கு ஓடும். மயிரிழை பிசகினாலும் எல்லாம் போய்விடும் என்று நினைப்பான். அளவுத்தாளை எடுத்துப் பார். அது எவ்வளவு நியாயமாகப் பேசுகிறது என்று தெரியும்.

பேனலில் வரும் மீட்டர்களுக்கும் கன்ட்ரோலர்களுக்கும் உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவுகள் உண்டு. ஐஇசி 61554 என்ற சர்வதேசத் தரம் அதைச் சொல்கிறது. முகப்பு 96க்கு 96 என்றால் கட்அவுட், அதாவது கதவில் வெட்டும் ஓட்டை, 92க்கு 92. கூடுதலாக 0.8 மில்லி வரை போகலாம், குறைவாகப் போகக் கூடாது. முகப்பு 48க்கு 48 என்றால் கட்அவுட் 45க்கு 45. கூடுதலாக 0.6 வரை போகலாம்.

இந்த எண்களை வெறும் எண்களாகப் படித்துவிட்டுப் போகாதே. 96க்கும் 92க்கும் இடையில் பக்கத்துக்கு 2 மில்லி. உன் விளிம்பை மீட்டரின் சட்டம் மூடிக்கொள்ளும் அகலம் அதுதான். உன்னிடம் யாரும் தெய்வத்தின் துல்லியத்தைக் கேட்கவில்லை. 92க்குக் கீழே போகாதே, 92.8ஐத் தாண்டாதே என்று மட்டுமே கேட்கிறார்கள். இந்த எல்லையை அறியாதவனுக்கு எல்லாமே பயம். அறிந்தவனுக்கு நிற்க இடம் இருக்கிறது, நிமிர்ந்து நிற்கலாம்!

ராக்கர் சுவிட்ச் இன்னும் நுட்பமாகக் கேட்கும். அதற்கு ஸ்க்ரூ கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் பிளாஸ்டிக் நாக்குகள் தகட்டுக்குப் பின்னால் விரிந்து பிடித்துக்கொள்ளும். அதனால் தகட்டின் கனத்தைப் பொறுத்து ஓட்டையின் நீளமே மாறும். பரவலாகக் கிடைக்கும் சின்ன ராக்கர் ஒன்றுக்கு, 1.25 மில்லி வரை கனமுள்ள தகட்டில் நீளம் 19.2 மில்லி, அதற்கு மேல் 2 மில்லி வரை 19.4, அதற்கும் மேல் 3 மில்லி வரை 19.8 என்று போட்டிருப்பார்கள். கனத்தைப் பார்க்காமல் வெட்டினால் ஒன்று நாக்கு விரியாமல் சுவிட்ச் ஆடும், அல்லது உள்ளேயே போகாது. ஆகவே வெர்னியரை எடு. பெயின்ட்டோடு சேர்த்துத் தகட்டை அள. வாங்கிய சுவிட்ச்சின் தாளைப் பிரித்துப் பார். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று ஒதுங்காதே. படத்தைப் பார், எண்ணைப் பார். எண்ணைப் படிக்கத் தெரிந்தவனை எந்த மொழியும் வெளியே நிறுத்த முடியாது.

கோட்டுக்கு உள்ளே நில்!

இப்போது வேலைக்கு வா. மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்து உறுதி செய்த பிறகே கதவைத் தொடு. கதவின் பின்பக்கத்தைப் பார். ஒயர் கட்டு போகிறதா, விறைப்புப் பட்டி வருகிறதா, மீட்டரின் உடம்பு உள்ளே நுழைய ஆழம் இருக்கிறதா? இதைப் பார்க்காமல் முன்பக்கம் கோடு போடுவது வீரம் ஆகாது.

ஓட்டை வரும் இடத்தைச் சுற்றி அகலமாக மாஸ்கிங் டேப் ஒட்டு. அது பெயின்ட்டைக் காக்கும், பென்சில் கோட்டையும் பளிச்சென்று காட்டும். பக்கத்தில் ஏற்கெனவே மீட்டர் இருந்தால் அதன் விளிம்பிலிருந்தே அளவெடு. பார்ப்பவன் கண் இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்கும். மையக் கோடுகள் இரண்டைப் போடு. அதிலிருந்து 92க்கு 92 சதுரத்தை வரை. பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது, மூலைவிட்டம் இரண்டையும் அள. இரண்டும் சமமாக, ஏறத்தாழ 130.1 மில்லி வந்தால்தான் அது சதுரம். பக்கம் நான்கும் சரியாக இருந்தும் சதுரம் சாய்ந்திருக்கலாம். மூலைவிட்டம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இனி மிக முக்கியமான கோடு. வரைந்த சதுரத்துக்கு உள்ளே, 1 மில்லி தள்ளி, இன்னொரு சதுரம் வரை. உன் மிஷினுக்கு எல்லை அந்த உள்கோடு. வெளிக்கோடு உன் அரத்துக்கு.

மூலைத் துளைக்கு 10 மில்லி பிட் என்றால், வெளிக்கோடுகள் இரண்டிலிருந்தும் 6 மில்லி உள்ளே தள்ளி சென்டர் பஞ்ச் அடி. துளையின் ஓரம் கோட்டுக்கு 1 மில்லி முன்னால் நின்றுவிடும். முதலில் சின்ன பிட், பிறகு பெரிய பிட். மெல்லிய தகட்டில் எடுத்த எடுப்பிலேயே பெரிய பிட்டை அழுத்தினால் ஓட்டை வட்டமாகவே வராது, முக்கோணம்போல் இழுத்துக்கொள்ளும். அடுத்து ஜிக்சாவில் மெட்டல் பிளேடு மாட்டி, வேகத்தைக் குறைத்து, உள்கோட்டின்மேல் போ. வெட்டுப்பட்ட துண்டு கடைசியில் தொங்கி விளிம்பைக் கிழிக்காமல் இருக்க டேப்பால் தாங்கிப் பிடி. ஜிக்சா நுழையாத சின்ன ஓட்டை என்றால், கோட்டுக்கு உள்ளே வரிசையாகச் சிறு துளைகள் போட்டு, இடைப்பட்ட பாலங்களை அறுத்தெடு. மரப் பெட்டியின்மேல் ஹைலம் ஷீட் வைத்த பழைய வீட்டு சுவிட்ச்போர்டுகளுக்கு நம் எலக்ட்ரீஷியன்கள் இந்த வழியில்தான் ஹேக்ஸா பிளேடையும் அரத்தையும் வைத்து ஓட்டை எடுத்தார்கள்.

அவசரக்காரன் வெளிக்கோட்டிலேயே மிஷினை ஓட்டுவான். "ஒரே வெட்டில் முடிச்சிடலாம்" என்பான். பிளேடு ஒரு நொடி துள்ளினால் போதும், கோடு தாண்டிவிடும். ஓட்டை சிறிதாக இருந்தால் அரம் இருக்கிறது. பெரிதாகிவிட்டால் போன இரும்பை எந்த அரமும் திருப்பித் தராது. கோட்டுக்கு முன்னால் நிற்பதைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதே. தன்னை நிறுத்தத் தெரிந்த கைக்கு மட்டுமே அடுத்த அடி மிச்சம் இருக்கும்.

அரம் பொய் சொல்லாது

மிச்சம் ஒரு மில்லி. இங்கேதான் நீ பிறக்கிறாய்!

தட்டை அரத்தை எடு. முதலில் பாஸ்டர்ட், கோட்டை நெருங்கும்போது செகண்ட் கட், முடிக்க ஸ்மூத். முன்னால் தள்ளும்போது மட்டும் அழுத்து. இழுக்கும்போது பாரத்தை எடுத்துவிடு. அரத்தின் பல் முன்னோக்கித்தான் வெட்டும், பின்னால் இழுக்கும்போது அழுத்தினால் பல் மழுங்குவதுதான் மிச்சம். உடம்பு முழுக்க முறுக்கிக்கொண்டு நிற்காதே. தோள் தளரட்டும், அரம் மட்டமாகப் போகட்டும்.

மூலையை நெருங்கிவிட்டாயா? ஹேண்ட் ஃபைலின் ஓரத்தைத் தடவிப் பார். ஒரு ஓரத்தில் பல் இருக்காது. சேஃப் எட்ஜ் என்பார்கள். அந்த வழவழப்பான ஓரத்தை ஏற்கெனவே முடித்த பக்கத்தின்மேல் சாய்த்துக்கொண்டு அடுத்த பக்கத்தை இழை. முடித்தது கெடாது, முடிக்காதது முடியும். இந்த அரத்தை வடித்தவன் உன் பயத்தையும் நினைத்துப் பார்த்திருக்கிறான்! கடைசியாகச் சதுர அரத்தை மூலைக்குள் விட்டு உருட்டலை எடு. அளவுத்தாளில் மூலைக்கு இவ்வளவு உருட்டல் இருக்கலாம் என்று போட்டிருந்தால் அந்த அளவில் விட்டுவிடு. அக்ரிலிக், ஹைலம் போன்றவற்றில் கூர் மூலையிலிருந்து விரிசல் ஓடும். அங்கே சிறு உருட்டலே பலம். எங்கே கூர்மை வேண்டும், எங்கே வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் உன் அறிவுதான்.

இரண்டு இழுப்பு, ஒரு அளவு. மறுபடி இரண்டு இழுப்பு, ஒரு அளவு. மீட்டரையே கையில் எடுத்து வைத்துப் பார். எங்கே தட்டுகிறதோ அங்கே மட்டும் எடு. ஒரு தருணம் வரும். கட்டைவிரலால் அழுத்தியதும் மீட்டர் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். சுத்தியல் தேவைப்படாது, ஆட்டமும் இருக்காது. அந்த நொடியில் உன் நெஞ்சுக்குள் ஒன்று நிமிரும். அதை எந்தப் பேச்சாளரும் உனக்குக் கொடுக்க முடியாது. எந்த மேலதிகாரியும் பிடுங்கிக்கொள்ளவும் முடியாது. நீ உழைத்து வாங்கியது அது!

யாரும் பார்க்காத பக்கம்

மீட்டர் உட்கார்ந்துவிட்டது, வேலை முடிந்தது என்று கிளம்பாதே. சட்டத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் விளிம்பை யாரும் பார்க்கப்போவதில்லை. நீ பார்.

பிசிறு நின்றால் ஒயரின் உறையைக் கிழிக்கும், கையை அறுக்கும். முகப்புக்குப் பின்னால் இருக்கும் கேஸ்கெட் சரியாக அமராது. பேனலில் ஐபி 54 என்று எழுதியிருந்தால் 5 தூசிக்கு, 4 தெறிக்கும் தண்ணீருக்கு. கதவில் நீ விட்ட ஒரு கோணல் அந்த எழுத்தைப் பொய்யாக்கிவிடும். ஆகவே இருபுறமும் பிசிறு எடு. வெறும் இரும்பு தெரிகிற விளிம்பில் டச்சப் பெயின்ட் வை, துரு பிடிக்காது. எல்லாவற்றையும்விட முக்கியம் இரும்புத் தூள். வேலை தொடங்கும் முன்பே உள்ளே இருக்கும் பிரேக்கர்களையும் டெர்மினல்களையும் மூடிவை. முடிந்ததும் வேக்குவம் போட்டு எடு, காந்தம் வைத்துத் துழாவு. இடுக்கில் தங்கிய ஒரு சின்னச் சுருள் பின்னொரு நாள் பஸ்பாரில் விழுந்தால் ஷார்ட் சர்க்யூட். அந்தக் கதவைத் திறக்கப்போகிறவன் உன்னைப் போன்ற ஒரு தொழிலாளி. அவன் உயிருக்கு நீ காவல்!

பிறர் கண்ணுக்குப் படாத இடத்தையும் ஒழுங்காக முடிக்கிறவன் யாருடைய பாராட்டுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. தன் வேலையைப் பற்றி அவனுக்கே தெரியும். தெரிந்தவன் நிமிர்ந்து நடப்பான்.

மிஷின் வந்துவிட்டதே என்கிறாயா?

வரட்டும்! சிஎன்சி பஞ்ச் வரட்டும், லேசர் வரட்டும். கதவு முழுவதுக்குமான கட்அவுட்டை நொடிகளில் வெட்டித் தள்ளட்டும். ஹைட்ராலிக் பஞ்ச் கிடைத்தால் நீயும் தாராளமாகப் பயன்படுத்து. அது வேலையை எளிதாக்குகிறது, உன்னைச் சிறுமைப்படுத்தவில்லை.

ஆனால் ஒன்றை மறக்காதே. மிஷின் சொன்னதைச் செய்யும். 92 என்று சொல்ல வேண்டிய இடத்தில் 96 என்று சொல்லிவிட்டால், முகப்பளவுக்கே ஓட்டை போட்டு, நூறு கதவையும் அதே தப்போடு அழகாக வெட்டி அடுக்கும். கையில் மீட்டரை வைத்துப் பார்த்தவனுக்குத்தான் முதல் கதவிலேயே "நிறுத்து!" என்று சொல்லத் தெரியும். பேனல் சைட்டுக்குப் போய், சுவரோடு நின்று, ஒயரிங் முடிந்த பிறகு "இங்கே இன்னொரு சுவிட்ச் வேணும்" என்று வாடிக்கையாளர் கேட்கும்போது எந்த லேசரும் அங்கே வராது. நீ போவாய். உன் பையில் ட்ரில் இருக்கும், அரம் இருக்கும், உன் கண் இருக்கும். கையால் ஒரு சதுரத்தை முடித்தவன் நாளை டிராயிங் போட உட்கார்ந்தாலும், சிஎன்சி ப்ரோகிராம் எழுதினாலும், அந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் இரும்பை அறிந்து எழுதுவான்.

இன்றே தொடங்கு!

தன்னம்பிக்கை வந்த பிறகு வேலையைத் தொடலாம் என்று காத்திருக்காதே. அது அப்படி வராது. வேலையைத் தொட்ட பிறகுதான் வரும்.

கழிவுத் தகட்டுக் குவியலில் ஒரு துண்டு கேட்டு வாங்கு. 1.6 மில்லியோ 2 மில்லியோ, எது கிடைத்தாலும் சரி. கண்ணாடி போட்டுக்கொள். 45க்கு 45 ஒரு சதுரம் வரை. மூலைவிட்டம் இரண்டும் 63.6 வருகிறதா பார். உள்கோடு போடு. துளை, அறு, அரம் போடு. வெர்னியரால் மூன்று இடத்தில் அள. 45க்கும் 45.6க்கும் இடையில் நின்றதா? சபாஷ்! நிற்கவில்லையா? எந்தப் பக்கம் தாண்டியது, எங்கே கை அவசரப்பட்டது என்று அந்தத் தகட்டிலேயே எழுதிவை. அடுத்த துண்டை எடு. 45 கைக்கு வந்ததும் 92க்குப் போ. 92 வந்ததும் ராக்கர் சுவிட்ச்சின் நீள்சதுரத்துக்குப் போ. அது வந்ததும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகட்டில் போட்டுப் பார். ஒவ்வொரு படியும் உன்னை அடுத்த படிக்குத் தகுதியாக்கும்.

உன் சம்பளம் இன்று குறைவாக இருக்கலாம். உன் பெயரை யாரும் பேனலில் எழுதாமல் போகலாம். இருந்தாலும் நீ முடித்த சதுரத்துக்குள் ஒரு சுவிட்ச் உட்கார்ந்து, அதை அழுத்தினால் ஒரு மோட்டார் ஓடுகிறது, ஒரு ஊருக்குத் தண்ணீர் ஏறுகிறது. இந்தப் பெருமைக்கு நீ உரியவன், நீ உரியவள். தலை குனிந்து நிற்காதே!

எடு பென்சிலை. போடு கோட்டை. மிஷினைக் கோட்டுக்கு முன்னால் நிறுத்து. கடைசி ஒரு மில்லியை உன் கையால் வென்று முடி!